ஏஐ இல்லாமல் இரண்டு வரி எழுத வரவில்லை, என் மூளை மழுங்கிவிட்டதா?

கேள்வி: எனக்கு 36 வயது. தேவகோட்டை பக்கம் ஒரு கிராமம். காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினோரு வருடமாகக் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக எதற்கெடுத்தாலும் ஏஐதான். ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் அதை அப்படியே உள்ளே போட்டு பதிலை வாங்கி அனுப்பிவிடுவேன். மாமா தவறியபோது அத்தைக்கு அனுப்பிய ஆறுதல் செய்தியைக்கூட அதுதான் எழுதியது. போன மாதம் ஒருநாள் மத்தியானம் ஆபீசில் நெட் இல்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எதிரே உட்கார்ந்து, “நோட்டீஸ்ல என்னம்மா போட்டிருக்கான், சும்மா வாயிலயே சொல்லு” என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. பதிலாவது எழுதலாம் என்று பேப்பரை எடுத்தால் இரண்டு வரிகூட ஓடவில்லை. என் தாத்தா செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், 88 வயதிலும் வட்டியை மனதிலேயே போட்டுச் சொல்கிறார். நான் போனைத் தேடுகிறேன். மூளை மழுங்கிப்போய்விட்டதா மேடம்? ஏஐயை அடியோடு விட்டுவிடவா? எட்டாவது படிக்கும் மகளும் வீட்டுப்பாடத்தை அதில்தான் போடுகிறாள்.

பதில்:

மழுங்கவில்லை. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். ஒன்பது வருடம் இந்தக் கருவி எதுவும் இல்லாமல் நோட்டீஸ் படித்து, பதில் எழுதி, ஆபீசரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர் நீங்கள். அது இரண்டு வருடத்தில் அழிந்துபோகாது. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை லேசாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் அன்றைக்கு மத்தியானம் உங்களுக்கு நடந்தது சாதாரண மறதி மாதிரி எனக்குப் படவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் நின்று திரும்பப் படித்தேன். அந்த அண்ணன் உங்களிடம் பதில் எழுதித் தரச் சொல்லவில்லை. நோட்டீஸில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். அதைச் சொல்ல எழுத்துத் திறமையோ ஞாபக சக்தியோ தேவையில்லை, அந்தத் தாளைப் படித்திருந்தால் போதும். நீங்கள் படிக்கவில்லை. வந்ததும் ஸ்கேன் செய்து உள்ளே போட்டீர்கள், பதில் வந்தது, பதிலை மேலோட்டமாகப் பார்த்தீர்கள். நோட்டீஸ் உங்கள் கை வழியாகப் போயிருக்கிறது, கண் வழியாகப் போகவில்லை. இதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பட்டறை நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் விவரம் எழுதவில்லை, ஆனால் இப்படிச் சின்னத் தொழில்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று உங்கள் துறையில் இருப்பவர்கள் என்னிடம் சொல்வார்கள்: 3பி-யில் (வியாபாரி தானே போடும் ரிட்டர்ன்) எடுத்த உள்ளீட்டு வரிக்கும் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) 2பி-யில் (சரக்கு விற்றவர்கள் போட்ட ரிட்டர்னை வைத்துத் தானாக வரும் பட்டியல்) காட்டும் தொகைக்கும் வித்தியாசம், விளக்கம் கொடு. பழைய நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எந்த மாதம் என்று பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் கடைக்காரர் ரிட்டர்ன் போடவில்லையா, கண்ணாடி வாங்கிய பில் மார்ச்சில் போட்டு ஏப்ரலில் ஏறியிருக்கிறதா, கலர் ஆக்சைடு அனுப்பியவர் ஜிஎஸ்டி நம்பரை மாற்றிப் போட்டுவிட்டாரா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சந்தேகம் வந்தால் அந்த அண்ணனுக்கே போன் போட்டு “அந்த மாசம் சரக்கு திருப்பி அனுப்புனீங்களா?” என்று கேட்டிருப்பீர்கள். யோசனை என்று நாம் சொல்வது இந்தத் தட்டிப் பார்ப்பதைத்தான். கடைசியில் எழுதும் ஆங்கிலக் கடிதம் அதன் வால் மட்டுமே. ஏஐ உங்களுக்கு அந்த வாலை மிக அழகாக எழுதித் தந்துவிடுகிறது, காலவேறுபாட்டால் வந்த வித்தியாசம் என்று நம்பும்படி ஒரு காரணமும் சேர்த்து. அந்தக் காரணம் உண்மையா என்று அதற்குத் தெரியாது, பில்லை அது பார்த்ததில்லை. உங்களுக்கும் தெரியாது. கேள்வி வந்தால் பட்டறைக்காரர்தான் போய் நிற்க வேண்டும்.

(இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளையண்ட் பெயர், ஜிஎஸ்டி நம்பர், தொகை எல்லாம் இருக்கும் தாளை அப்படியே பொதுவான ஏஐ ஒன்றில் போடுவது அவர் உங்களை நம்பிக் கொடுத்ததை வெளியே கொடுப்பதுதான். உங்கள் ஆடிட்டரிடம் இதற்கு அனுமதி உண்டா என்று நாளைக்கே கேளுங்கள்.)

கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், என்ன குடி முழுகிப்போயிற்று என்று உங்கள் ஆபீசிலேயே யாராவது சொல்லலாம். பாதி சரி. ஆனால் கால்குலேட்டர் கூட்டலைத்தான் செய்தது. எதை எதோடு கூட்ட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். போதாததற்கு, வாய்ப்பாடு மனதில் ஏறிய பிறகுதான் அது நம் கைக்கு வந்தது. இப்போது வந்திருப்பது எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

இதைப் பற்றி ஆராய்ச்சிகள் வரத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் எம்ஐடி-யில் 2025-ல் 54 பேரை மூன்று குழுவாகப் பிரித்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள்: ஒரு குழு சாட்ஜிபிடி வைத்து, ஒரு குழு இணையத்தில் தேடி, ஒரு குழு எதுவும் இல்லாமல். தலையில் மின்முனைகள் பொருத்தி மூளையின் மின் அலைகளையும் பதிவு செய்தார்கள். ஏஐ குழுவில்தான் மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு மிகக் குறைவாக இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எழுதி முடித்த கையோடு, உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்டபோது ஏஐ குழுவின் 18 பேரில் 15 பேரால் சொல்ல முடியவில்லை. மற்ற இரண்டு குழுவிலும் அப்படித் தடுமாறியவர்கள் தலா இரண்டே பேர். உங்கள் மத்தியானம் ஞாபகம் வருகிறதா? இது சின்ன ஆய்வு, மற்ற நிபுணர்களின் சரிபார்ப்புக்கு முன்பே வெளியிடப்பட்டது, ‘மூளை அழுகுகிறது’ என்றெல்லாம் எழுதாதீர்கள் என்று ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே ஆய்வின் கடைசிச் சுற்று பலர் கண்ணில் படவே இல்லை. 18 பேரை மட்டும் திரும்பக் கூப்பிட்டு, எழுதும் முறையை மாற்றிவிட்டார்கள். அதுவரை ஏஐயோடு எழுதியவர்கள் வெறுங்கையோடு எழுத உட்கார்ந்தபோது அவர்கள் மூளையின் ஈடுபாடு குறைவாகவே இருந்தது. அதுவரை தானாக எழுதிவிட்டுப் பிறகு ஏஐயைத் தொட்டவர்களுக்கோ மூளை நன்றாக வேலை செய்தது. எண்ணிக்கை சின்னது, ஆனாலும் ஆலோசனைக்காக என் அறைக்கு வருபவர்களிடம் நான் பார்ப்பதும் இதுதான். எது முன், எது பின் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் தானே முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஏஐயிடம் போகிறவருக்கு அது உதவி. அதைத் திறந்துவிட்டுத்தான் யோசிக்கவே தொடங்குகிறவரிடம் யோசிக்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தானே வரவழைத்த வார்த்தை, படித்துப் பார்த்த வார்த்தையைவிட நன்றாக மனதில் நிற்கும் என்று ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இருவர் 1978-லேயே காட்டிவிட்டார்கள். பதில் வராமல் திணறுகிற அந்த ஐந்து நிமிடம் வீண் என்று நமக்குத் தோன்றும், படிந்து நிற்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

ஒன்பது வருட அனுபவம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். போலந்தில் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர்களை வைத்து ஒரு ஆய்வு 2025-ல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கு மேல் இந்தச் சோதனையைச் செய்தவர்கள். ஏஐ வருவதற்கு முன் அவர்கள் பார்த்த நோயாளிகளில் 28.4 சதவீதம் பேரிடம், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். சில மாதங்கள் ஏஐயோடு பழகிய பிறகு, ஏஐ இல்லாமல் பார்த்தபோது அது 22.4 சதவீதமாக இறங்கியது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்று நினைக்க இடம் இருக்கிறது. ஆனாலும் தேர்ந்த கண்ணும் சும்மா இருந்தால் சோம்பிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது உங்கள் தாத்தாவிடம் வருகிறேன், ஏனென்றால் அவரைச் சொல்லும் இடத்தில் உங்கள் எழுத்தில் ஒரு ஏக்கம் தெரிகிறது. 45,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி, ஏழு மாதம் பன்னிரண்டு நாள் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். ரூபாய் வட்டிக்கு மாதம் 450, அதில் பாதி 225 சேர்த்தால் 675, ஏழு மாதத்துக்கு 4,725, பன்னிரண்டு நாளுக்கு 270, ஆக 4,995 என்பார். ஆனால் அதற்கு முன்பே அவர் மனதில் ஒன்று ஓடியிருக்கும்: ஏழரை மாதம் என்றாலே ஐயாயிரத்துச் சொச்சம்தான் வரும், இது அதற்குக் கொஞ்சம் கீழே. அதனால் யாராவது 5,900 என்று கணக்குச் சீட்டை நீட்டினால் பேனாவை எடுக்காமலே “திரும்பப் போடு” என்று சொல்லிவிடுவார். இந்த மோப்பம்தான் விலை மதிப்பில்லாதது. துல்லியமான விடையை மெஷின் அவரைவிட வேகமாகக் கொடுக்கும், சரி. விடை தப்பாக இருக்கிறதே என்று உறுத்துவதற்கு உள்ளே சரக்கு வேண்டும். நியூயார்க்கில் 2023-ல் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளைக் கோர்ட்டில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். நெருடி இருக்க வேண்டும், நெருடவில்லை. மைக்ரோசாப்டும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆபீஸ் வேலை பார்க்கும் 319 பேரிடம் விசாரித்தபோதும் இதுவே வந்தது: ஏஐ மேல் நம்பிக்கை கூடியவர்கள் சரிபார்த்து யோசிப்பது குறைந்திருந்தது, தன் திறமையில் நம்பிக்கை உள்ளவர்கள் கூடுதலாக யோசித்தார்கள்.

தாத்தாவுக்கு அந்த மோப்பம் எங்கிருந்து வந்தது என்று அவரையே கேளுங்கள். நம் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன செட்டியார்களின் கடைகளில் பெட்டியடிப் பையனாகத்தான் ஆள் சேர்ப்பார்கள். கடிதத்தை நகல் எடுப்பது, குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவது, கூட்டிச் சரிபார்ப்பது, எடுபிடி வேலை. அதைச் செய்து செய்துதான் அடுத்தாள், அப்புறம் ஒரு கடையையே பொறுப்பாக நடத்தும் மேலாள். எடுபிடி வேலை என்று தோன்றியதில்தான், எந்தக் கணக்கு எப்படி நடக்கும், எந்த ஆள் எப்போது இழுத்தடிப்பான் என்ற படிப்பு அத்தனையும் இருந்தது. இன்றைக்கு நாம் ஏஐயிடம் கொடுப்பதும் அந்த அடிமட்ட வேலையைத்தான், அலுப்பாக இருக்கிறது என்று. உங்களுக்குக் கீழே புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அவளை நினைத்து எனக்கு உங்களைவிடக் கவலை அதிகம். உங்களுக்காவது திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது, அவள் அந்த வேலையைச் செய்யாமலே தாண்டிவிட்டால் பத்து வருடம் கழித்து எதை வைத்து மேலே உட்காருவாள்? அவள் முதல் வருடமாவது நோட்டீஸைத் தானே படித்துத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும்.

சரி, என்ன செய்யலாம்? அடியோடு விட வேண்டாம். வேலையில் போட்டி இருக்கிறது, விட்டால் இரண்டு வாரத்தில் திரும்ப எடுப்பீர்கள், கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். எது மறந்துபோனாலும் எனக்குக் கவலையில்லை என்று நினைக்கிறீர்களோ அதைத் தாராளமாக ஏஐயிடம் கொடுங்கள்: எக்செல் ஃபார்முலா, ஆங்கில இலக்கணம் திருத்துவது, ஐம்பது பேருக்குப் போகும் ஒரே மாதிரி நினைவூட்டல் மெயில். ஆனால் நோட்டீஸ் படிப்பது உங்கள் பிழைப்பு. அதை இனி இப்படிச் செய்யுங்கள். தாளை அச்செடுத்துப் பேனாவோடு படியுங்கள். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன், என்ன கேட்கிறார்கள், என் சந்தேகம் என்ன, எந்த பில்லைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி தமிழில் கிறுக்குங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்வது மாதிரி இருந்தால் போதும். பில்லைப் பாருங்கள். பதிலை முதலில் நீங்களே, உடைந்த ஆங்கிலமானாலும், ஒரு பாரா எழுதுங்கள். அதற்குப் பிறகு, பெயரும் நம்பரும் நீக்கிவிட்டு ஏஐயிடம் கொடுத்து, இதில் என்ன ஓட்டை, அந்தப் பக்கம் இருப்பவர் என்ன கேட்பார் என்று கேளுங்கள். எழுதித் தா என்று கேட்பதற்கும் குறை சொல் என்று கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அது காட்டும் சட்டப் பிரிவும் தீர்ப்பும் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும். பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகும். கை தானாக அந்தப் பக்கத்தைத் திறக்கும். திறந்தால் மூடிவிட்டு மறுபடி தாளைப் பாருங்கள், இதில் உங்களை நீங்களே கடிந்துகொள்ள ஒன்றும் இல்லை. எல்லா நோட்டீஸையும் இப்படிச் செய்ய நேரம் இல்லையென்றால் வாரத்துக்கு ஒன்றை மட்டும் முழுக்க முழுக்க நீங்களே செய்யுங்கள்.

அத்தைக்கு எழுதிய ஆறுதல் செய்தி. அதில் திறமை போகிறதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்த தவிப்புதான் அத்தைக்குப் போய்ச் சேர வேண்டியது. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள், முடியாவிட்டால் போன் போடுங்கள், வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை.

மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் மேல்நிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சியில் ஏஐ கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டதற்கு விடை சொல்லும் சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, ஏஐயே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே போய்விட்டார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்தபடி குறிப்பு மட்டும் கொடுக்கும் ஏஐ வைத்திருந்தவர்களுக்குப் பரீட்சையில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. உங்களுக்காவது ஒன்பது வருடச் சேமிப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்போதுதான் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், அவளிடமிருந்து எடுத்தால் அடியில் ஒன்றும் இருக்காது. காரைக்குடி கம்பன் விழாவில் நீங்களே கேட்டிருப்பீர்கள், 1939-லிருந்து நடக்கிறது. மேடையில் ஒருவர் ஒரு பாட்டைச் சொன்ன நொடியில் எதிரணிக்காரர் வேறெங்கோ இருக்கும் இன்னொரு பாட்டை எடுத்து வீசுவார். இரண்டும் தலைக்குள் இருந்ததால்தான் ஒன்றை ஒன்று உரசியது. போனில் தேடி எடுக்கலாம்தான், ஆனால் எதைத் தேடுவது என்றே தோன்றியிருக்காது.

அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு வையுங்கள். கணக்கை நோட்டில் அவளே போட்டுப் பார்க்க வேண்டும், தப்பாக வந்தாலும் சரி. எந்த வரியில் மாட்டிக்கொண்டாள் என்று உங்களிடமோ தாத்தாவிடமோ சொல்ல வேண்டும். அப்போதும் தெரியவில்லை என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, விடை வேண்டாம், அடுத்த ஒரு படிக்கு மட்டும் குறிப்பு கொடு என்று ஏஐயிடம் கேட்கலாம். தமிழ்க் கட்டுரைக்கு அது வேண்டவே வேண்டாம். கொள்ளுத்தாத்தாவிடம் வட்டிக் கணக்கு கற்றுக்கொள்ள அவளை அனுப்புங்கள், 88 வயதுக்காரருக்கும் அது நல்லது. ஒன்று மட்டும், நீங்கள் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனிடம் கேட்டுக்கொண்டு அவளுக்கு மட்டும் சட்டம் போட்டால் எடுபடாது.

கடைசியாக ஒரு மருத்துவ விஷயம். வார்த்தை வராதது, மந்தமாக இருப்பது, மறப்பது எல்லாவற்றுக்கும் ஏஐ மேலேயே பழி போட்டுவிட வேண்டாம். 36 வயதில் வேலை, வீடு, பிள்ளை என்று ஓடும் பெண்களுக்குத் தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு இவற்றாலும் இப்படி ஆகும்; மனச்சோர்வும் முதலில் இப்படித்தான் தலை காட்டும். சைவம் சாப்பிடுகிறவராக இருந்தால் பி12-ஐக் கண்டிப்பாகப் பாருங்கள். ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), பி12 மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான், எடுத்து உங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்து, நான் சொன்னபடி இரண்டு மூன்று மாதம் செய்தும் பேச்சில் வார்த்தை தடுமாறுவதோ, தெரிந்த பெயர்கள் வராததோ தொடர்ந்தால் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.